அடைகாத்த போத்தல்

பின்னேரம் பி.எச்.ஐ. மாத்தயா ஒரு போத்தல் தந்தார்.
விரல் நீளம். உள்ளே ஒரு கடதாசித் துண்டு,
வெற்றிலைக் காம்பளவு, பழுப்பு நிறம்.
"பீலித் தண்ணிய இந்தக் கோடு வரைக்கும் புடிங்க.
மூடிக்குள்ள விரல் படக்கூடாது.
ராத்திரி முழுக்கச் சூட்டுல வைங்க."
எவ்வளவு சூடு மாத்தயா என்றேன்.
"உடம்புச் சூடு."
மோட்டார் சைக்கிள் பாலத்தைத் தாண்டிய பிறகுதான்
யாருடைய உடம்பு என்று கேட்கத் தோன்றியது.

தை மாசம். பொகவந்தலாவைக்கு மேலே
தகரத்தில் பனி உறைகிற லயம்.
விறகு ஈரம், அடுப்பு எட்டு மணிக்கே செத்துவிடும்.
கிருஷாந்த் மூன்றாம் நாளாகப் படுக்கையில்.
பத்துக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
ஜீவனிப் பொட்டலத்தை ஒரு லீட்டரில் கரைத்து
கரண்டி கரண்டியாய் ஊட்டியிருந்தேன்.
எந்தத் தண்ணீரில் கரைத்தாய் என்று
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

பீலித் தண்ணீரைப் பார்த்தவர்கள் குறை சொல்ல முடியாது.
மூக்குத்தியைக் கழற்றி உள்ளே போட்டால்
கல்லின் பட்டைகளை எண்ணலாம்.
கொழும்பு வேன்காரர்கள் நிறுத்தி, குனிந்து குடித்து,
"மலைத்தண்ணி மலைத்தண்ணிதான்" என்று
படமும் எடுத்துக்கொண்டு போனார்கள்.
பீலிக்கு மேலே பத்தொன்பதாம் நம்பர் மலை.
அதற்கும் மேலே மேட்டு லயம்:
இருபத்திரண்டு குடும்பம், நான்கு கக்கூசு,
ஒன்றின் குழி
போன ஐப்பசி மழையில் வாய் திறந்தது.
தண்ணீர் பள்ளத்தைத் தேடும் என்பார்கள்.
எதைத் தூக்கிக்கொண்டு என்று
சொன்னவர்கள் சொல்லவில்லை.

போத்தலை முதலில் அரிசிப் பெட்டிக்குள் வைத்தேன்.
எடுத்தேன். பழைய சீலையில் சுற்றினேன்.
கடைசியில் கம்பளிச் சட்டைக்குள், இடது கக்கத்தில்.
வலது பக்கம் அவன்.
அவன் நெற்றி கொதித்தது, இது சில்லிட்டுக் கிடந்தது.
நடுவில் என் உடம்பு
சூட்டைப் பங்கு போட்டது.
புரண்டு படுக்கவில்லை.
உட்காரும் கோழிக்காவது
என்ன வரப்போகிறது என்று தெரியும்.
ஒன்றும் பொரிந்துவிடக் கூடாது என்று
வேண்டிக்கொண்டே அடைகாத்தேன்.

மூன்று மணிக்கு "தண்ணி" என்றான்.
கேத்தலில் கொதித்து ஆறியது கால் கோப்பை இருந்தது.
கால் கோப்பைக்கு எத்தனை சுள்ளி என்று
மனசு கணக்குப் பார்த்தது.
வெட்கமாக இருந்தது.
போத்தலை விழாமல் இடுக்கிக்கொண்டே ஊட்டினேன்.

பெரட்டுக்குப் போகும் செருப்புச் சத்தம்.
இன்றும் எனக்குப் பேர் விழாது.
வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன்.

கருப்பு.
தோசைக்கல்லின் அடிப்பக்கம் போல.
கடதாசி எது தண்ணீர் எது என்று பிரிக்க முடியாத கருப்பு.
திறந்தால் கூழ்முட்டை நாறும்,
திறக்காதீங்க என்றிருந்தார். திறக்கவில்லை.
நேற்று மூக்குத்திக் கல் தெரிந்த அதே தண்ணீர்.
இதில் பாதியைத்தான் நேற்றுவரை அவன் குடித்தான்,
மருந்தும் அதிலேதான்.

மத்தியானம் மாத்தயா வந்து
தலையை ஆட்டி, புத்தகத்தில் எழுதினார்.
நல்லா கொதிக்க வச்சுக் குடிங்க என்றார்.
தொரைக்குக் கடிதம் போடுவாராம், குளோரின் வருமாம்.
விறகு பற்றிப் புத்தகத்தில் இடமில்லை போலும்.
கிளம்பும்போது கூப்பிட்டேன்.

மாத்தயா, இன்னொரு போத்தல் இருக்கா?

எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடும் கான்
எங்கே போகிறது என்று அவர் கேட்கவில்லை,
நானாகச் சொன்னேன்.
ஆத்தோரத்துக்கு. செபமாலையக்கா வீட்டுப் பீலிக்கு.
மூன்று நாளாய் நான் அவன் துணி அலசியது
அந்தக் கானில்.

பையைத் துழாவினார். ஒன்று இருந்தது.

பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு இறங்குகிறேன்.
எப்படிச் சொல்வதென்று
படிக்குப் படி ஒரு வசனம் வைத்துப் பார்க்கிறேன்.
அவளுக்கும் இரண்டு சின்னதுகள்.
என்னைக் கண்டதும் செம்பை எடுத்துவிடுவாள்,
எப்போதும் அப்படித்தான்,
"ஏறி எறங்கி வந்திருக்க,
மொதல்ல கொஞ்சம் தண்ணி குடி" என்பாள்.